'நெட்' பட்டனின் கதை

ஹோம் தியேட்டர் ரிசீவரின் ரிமோட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். டிவி, ப்ளூ-ரே, கேம், சிடி என்று வரிசையாகப் பட்டன்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பெட்டியின் பின்பக்கம் ஒரு துளை, அதில் ஒரு வயர். வயரின் மறுமுனை எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். அந்த வரிசையில் 'நெட்' என்ற பட்டன் மட்டும் வேறு ரகம். அதை அழுத்தினால் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று ரிசீவருக்கே தெரியாது. முதலில் அது கேட்டுப் பார்க்க வேண்டும்: "இங்க யாராவது இருக்கீங்களா?"

பதில் வரவில்லை என்றால்தான் நாம் ரவுட்டரை அணைத்துப் போடுகிறோம், ரிசீவரை அணைத்துப் போடுகிறோம், யூடியூபில் தேடுகிறோம். பெட்டியில் கோளாறு என்று முடிவுகட்டி விற்றவர்களைக்கூட எனக்குத் தெரியும். பெரும்பாலும் பெட்டி நன்றாகத்தான் இருக்கும். அது கேட்ட கேள்வி போய்ச் சேர்ந்திருக்காது. அந்தக் கேள்விக்கு முப்பது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி எண் உண்டு. எண் தெரிந்தால் நேராகப் பேசலாம். தெரியாவிட்டால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தலாம். ஆனால் சம்பந்தமே இல்லாத பிரிண்டரும் எழுந்து வந்து என்ன என்று கேட்க வேண்டியிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஸ்டீவ் டீரிங் வகுத்தார். ஒரு பொது எண்ணை வைத்துக்கொள்வது. விருப்பமுள்ளவர்கள் மட்டும் அந்த எண்ணுக்குக் காது கொடுப்பது. இதுதான் மல்டிகாஸ்ட். 1989 ஆகஸ்டில் 'ஆர்எஃப்சி 1112' என்ற ஆவணமாக அது வெளிவந்தது.

டீரிங்கும் அவருடைய கூட்டாளிகளும் வரவேற்பறை ஸ்பீக்கரை நினைத்து இதைச் செய்யவில்லை. உலகம் முழுக்க ஒரே நேரத்தில் ஒன்றைக் கேட்பது அவர்கள் கனவு. 1992 மார்ச்சில் சான் டியேகோவில் இணையப் பொறியாளர்களின் ஐஇடிஎஃப் கூட்டம் நடந்தபோது, அதன் பேச்சொலியை இந்த முறையில்தான் வெளியூர்களுக்கு நேரலையாக அனுப்பினார்கள். 1993 ஜூன் 24 அன்று, கணினிக்காரர்கள் சேர்ந்து நடத்திய 'சிவியர் டயர் டேமேஜ்' என்ற ராக் குழு ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் வாசித்தது, ஆஸ்திரேலியாவரை கேட்டது. இணையத்தில் நேரலையாக வாசித்த முதல் இசைக்குழு அதுதான். அடுத்த வருடம் நவம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் டல்லாஸ் கச்சேரியின் ஒரு பகுதியை இதே வழியில் ஒலிபரப்பினார்கள். அவர்கள் தொடங்குவதற்கு முன்பு, யாரும் கூப்பிடாமலேயே நம் டயர் குழு உள்ளே நுழைந்து வாசித்துவிட்டது! வழி பொதுவழி, யாரும் தடுக்க முடியவில்லை. இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

ஆனால் அந்தப் பெரிய கனவு பலிக்கவில்லை. இணையச் சேவை நிறுவனங்கள் மல்டிகாஸ்டைத் தங்கள் எல்லை தாண்டிக் கடத்த முன்வரவில்லை. இன்றைக்கு ஒரே கிரிக்கெட் மேட்சைக் கோடிப் பேர் மொபைலில் பார்த்தாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நகல்தான் போகிறது. உலகத்தை இணைக்கப் பிறந்த மல்டிகாஸ்ட் கடைசியில் வீட்டுக்குள் ஒதுங்கியது. 1999-இல் தொடங்கிய யூபிஎன்பி அமைப்பு 239.255.255.250 என்ற பொது எண்ணை எடுத்துக்கொண்டது. ஆப்பிள் 224.0.0.251-ஐ. உங்கள் ரிசீவர் 'நெட்' பட்டனுக்குப் பின்னால் இந்த இரண்டு எண்களிலும் காது வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இது தெரிந்தால் பாதிக் கோளாறை உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். நம் ஊர் வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது இரட்டை ரவுட்டர். ஃபைபர் கம்பெனி சுவரில் ஒரு பெட்டி மாட்டிவிட்டுப் போகும், அதுவே ஒரு ரவுட்டர். சிக்னல் பத்தவில்லை என்று நாம் இன்னொன்று வாங்கி அதில் சொருகுவோம். இப்போது வீட்டுக்குள் இரண்டு தெரு. ரிசீவர் 192.168.1 தெருவில், போன் 192.168.0 தெருவில். இரண்டிலும் இன்டர்நெட் ஜோராக வரும், யூடியூப் ஓடும்; ஆனால் ஒரு தெருவில் கூப்பிட்டது அடுத்த தெருவுக்குக் கேட்காது. இரண்டாவது ரவுட்டரின் செட்டிங்கில் 'ஆக்சஸ் பாயின்ட் மோடு' என்று இருப்பதை மாற்றிவிட்டால் தெரு ஒன்றாகிவிடும். கெஸ்ட் வைஃபையும் இதே கதைதான். அதில் சேர்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாது என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். பாட்டு இருக்கும் விண்டோஸ் கணினி, வீட்டு நெட்வொர்க்கைப் 'பப்ளிக்' என்று குறித்து வைத்திருந்தாலும் வாயை மூடிக்கொள்ளும். 'ப்ரைவேட்' என்று மாற்ற வேண்டும்.

இன்னொரு கோளாறு கொஞ்சம் நுட்பமானது. ரிசீவரை ஆன் செய்ததும் போனில் அதன் பெயர் தெரியும். நாலைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் காணாமல் போயிருக்கும். மறுபடி ஆஃப் செய்து ஆன் செய்தால் வரும், போகும். பேய் பிடித்த மாதிரி இருக்கும். காரணம் நடுவில் இருக்கும் ஸ்விட்சின் 'ஐஜிஎம்பி ஸ்நூப்பிங்'. யார் எந்தப் பொது எண்ணுக்குக் காது கொடுக்கிறார்கள் என்று ஸ்விட்ச் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளும். "இன்னும் கேட்கறீங்களா?" என்று யாராவது இடையிடையே விசாரித்துக்கொண்டிருந்தால் குறிப்பு நீடிக்கும். விசாரிக்க ஆள் இல்லாத வீட்டில், வழக்கமான கணக்குப்படி 260 விநாடியில் பெயரை அடித்துவிடும். ஸ்நூப்பிங்கை அணைத்துவிட்டால் போதும், அவ்ளோதான்.

சரி, கூப்பிட்டது கேட்டுவிட்டது. அடுத்து, எந்த மொழியில் பேசுவது? 2002-இல் யூபிஎன்பி வேலையை மூன்றாகப் பிரித்தது: பாட்டை வைத்திருப்பவர், பாடுபவர், எதைப் பாட வேண்டும் என்று சொல்பவர். மூவரும் மூன்று கருவிகளாக இருக்கலாம். அழகான ஏற்பாடு. 2003 ஜூனில் சோனி, இன்டெல் முதலானவை கூடி ஒரு கூட்டமைப்பு தொடங்கின. அடுத்த வருடம் அதற்கு டிஎல்என்ஏ என்று பெயர் வந்தது. முத்திரை இருந்தால் எந்தக் கம்பெனிப் பொருளும் எந்தக் கம்பெனிப் பொருளோடும் பேசும் என்பது வாக்குறுதி.

அந்த வாக்குறுதி எங்கே ஓட்டையானது என்று பார்த்தால் சிரிப்பு வரும். வீட்டுக் கருவிகளுக்கு ஒலியில் கட்டாயம் என்று வைத்தது சுருக்கப்படாத எல்பிசிஎம் ஒன்றை மட்டும். எம்பி3, மைக்ரோசாஃப்டின் டபிள்யூஎம்ஏ, சோனியின் அட்ராக் எல்லாம் 'விருப்பப்பட்டால்' என்ற பட்டியலில். மேசையைச் சுற்றி உட்கார்ந்த ஒவ்வொருவரும் தன் பிள்ளையை விட்டுக்கொடுக்காதபோது வேறென்ன முடிவு வரும்? விளைவாக, முத்திரை குத்திய பெட்டி முத்திரை குத்திய கணினியில் இருக்கும் பாட்டின் பெயரைப் பட்டியலில் காட்டும். அழுத்தினால் 'இந்த வகைக் கோப்பு இல்லை' என்று சொல்லும். ஃப்ளாக் கோப்புகளைச் சேர்த்து வைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வயரோ வைஃபையோ இதில் குற்றவாளி இல்லை. சிடி தரத்துக்கு விநாடிக்கு 1.4 மெகாபிட் போதும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று போனாலும் 9 மெகாபிட் சொச்சம்தான். ரிசீவரின் பழைய 100 மெகாபிட் துளைக்கு அது தூசு. 2017-இல் டிஎல்என்ஏ அமைப்பே கலைந்துபோனது. ஆனால் 2008-இல் வாங்கிய பெட்டி இன்றைக்கும் வீட்டுக் கணினியிலிருக்கும் பாட்டை எடுத்துப் பாடுகிறது, அமைப்பு கலைந்த சேதி அதற்குத் தெரியாது.

ஆப்பிள் கூட்டமைப்பு எதிலும் சேரவில்லை. 2004 ஜூனில் 129 டாலருக்கு ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் என்ற சின்ன வெள்ளைப் பெட்டியை விட்டது. சுவர் ப்ளக்கில் சொருகி, அதிலிருந்து ஒரு வயரை ஆம்ப்ளிஃபையருக்கு இழுத்தால், ஐட்யூன்ஸ் பாட்டு காற்றில் வரும். ஏர்ட்யூன்ஸ் என்று பெயர். ஒலி பூட்டிய பெட்டியில் வைத்து அனுப்பப்பட்டது. ஒரு சாவி ஐட்யூன்ஸிடம், மறுசாவி வெள்ளைப் பெட்டியிடம். இரண்டே மாதத்தில், ஏற்கெனவே டிவிடி பூட்டை உடைத்துப் பெயர் பெற்ற நார்வே இளைஞர் யோன் லெக் யோஹான்சன் முதல் சாவியை வெளியிட்டார். வேறு மென்பொருள்களும் அந்தப் பெட்டிக்குப் பாட்டு அனுப்ப முடிந்தது. இரண்டாவது சாவிக்கு ஏழு வருடம் ஆனது. 2010-இல் ஏர்ட்யூன்ஸ் ஏர்ப்ளே ஆகி, டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களுக்கு உரிமத்தோடு வந்திருந்தது. சில மாடல்களுக்கு அதைத் தனியாகக் காசு கொடுத்துத்தான் சேர்க்க முடிந்தது. 2011 ஏப்ரலில் ஜேம்ஸ் லெயர்ட் என்ற நிரலாளர் ஒரு எக்ஸ்பிரஸ் பெட்டியைப் பிரித்து, உள்ளே சில்லில் இருந்த சாவியை எடுத்து, ஷேர்போர்ட் என்ற மென்பொருளோடு சேர்த்து வெளியிட்டார். அதன் பிறகு எந்தக் கணினியும் 'நான்தான் அந்த வெள்ளைப் பெட்டி' என்று ஐபோனிடம் சொல்லிக்கொள்ளலாம். அதன் வழித்தோன்றலான ஷேர்போர்ட் சிங்க் இன்றும் எத்தனையோ ராஸ்பெரி பைகளில் ஓடுகிறது. நெட் துளையே இல்லாத பழைய ஆம்ப்ளிஃபையர்களெல்லாம் அதன் தயவில் ஏர்ப்ளே பேசுகின்றன.

பூட்டு பலவீனமாக இருந்ததால் ஒரு பொருள் நீண்டகாலம் வாழ்வது விசித்திரம்தான். 'நெட்' பட்டனுக்குள் இருக்கும் மூன்றாவது விஷயமான இன்டர்நெட் ரேடியோவில் அது இன்னும் துலக்கமாகத் தெரியும்.

ரிசீவரின் மெனுவில் நாடு, மொழி, இசைவகை என்று ஆயிரக்கணக்கான நிலையங்கள் வரும். அந்தப் பட்டியல் ரிசீவருக்குள் இல்லை. ஒவ்வொரு முறையும் வெளிநாட்டில் எங்கோ இருக்கும் ஒரு கணினியிடம் கேட்டு வாங்குகிறது. டெனான், யமஹா, ஒன்கியோ என்று பலருக்கும் பல வருடம் பட்டியல் கொடுத்தது வீட்யூனர் என்ற சேவை. 2010களின் இறுதியிலிருந்து பழைய மாடல்கள் பலவற்றில் அது நின்றது, அல்லது சந்தா கேட்டது. ரெசிவா என்ற இன்னொரு சேவை 2021-இல் மொத்தமாக மூடப்பட்டது. நிலையங்கள் அப்படியே ஒலிபரப்பிக்கொண்டிருந்தன, ரேடியோப் பெட்டிகளும் பழுதாகவில்லை. நடுவில் இருந்த ஒரு முகவரிப் புத்தகம் போனதும் நல்ல பெட்டிகள் ஊமையாகிவிட்டன. 2012-இல் லாஜிடெக் கைவிட்ட ஸ்க்வீஸ்பாக்ஸ் கருவிகளுக்கு இந்தக் கதி வரவில்லை. அவற்றின் சர்வர் மென்பொருள் ஆரம்பத்திலிருந்தே திறந்த மூலம், வீட்டிலேயே ஓடுவது. கம்பெனியின் இணையச் சேவை 2024-இல் மூடியபோதும், ஆர்வலர்கள் சர்வருக்கு லிரியன் என்று புதுப்பெயர் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ரிசீவர்களுக்கு வந்த மருந்து ஒய்காஸ்ட் என்ற சின்ன மென்பொருள். பழைய ரிசீவர் வீட்யூனரிடம் எந்தப் பூட்டும் போடாமல், சாதாரண எச்டிடிபியில் பட்டியல் கேட்கிறது. பதில் சொல்வது உண்மையான வீட்யூனர்தானா என்று அது சரிபார்ப்பதில்லை. ஆகவே ரிசீவரின் டிஎன்எஸ்ஸை வீட்டிலிருக்கும் ஒரு கணினிக்கு மாற்றி, 'வீட்யூனர் எங்கே?' என்று கேட்டால் 'இதோ நான்தான்' என்று அந்தக் கணினியையே சொல்ல வைத்துவிடலாம். நாமே எழுதிய பட்டியலை ரிசீவர் நம்பி வாங்கிக்கொள்ளும். இன்று வரும் கருவிகள் சான்றிதழ் கேட்கின்றன, மறையாக்கம் செய்கின்றன. அவற்றின் சேவை மூடப்படும் நாளில் இப்படி யாரும் வேஷம் போட முடியாது.

பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். 2020 ஜூனில் யூபிஎன்பியில் 'கால்ஸ்ட்ரேஞ்சர்' என்ற ஓட்டை வெளிவந்தது. 2025 ஏப்ரலில் ஏர்ப்ளேயில் 'ஏர்போர்ன்' என்று ஒரு கொத்து. ஆப்பிள் தன் கருவிகளைச் சரிசெய்துவிட்டது. மற்றவர்களின் ஸ்பீக்கர்களுக்கும் ரிசீவர்களுக்கும் அந்தந்தக் கம்பெனி மனது வைக்க வேண்டும். பத்து வருடப் பழைய பெட்டிக்கு யார் மனது வைப்பார்கள்? பயந்து அதைக் கெஸ்ட் வைஃபையில் தள்ளினால் போன் அதைக் கண்டுபிடிக்காது. வெளியிலிருந்து அதற்கு எந்த போர்ட்டும் திறந்துவிடாமல், வீட்டுக்குள் மட்டும் பேச விடுவதுதான் நான் செய்வது. கதவைக் காவல் காக்க வேண்டியது ரவுட்டர். கூடத்தில் பாடுகிறவனிடம் போய் துப்பாக்கியைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது 2012 மாடல், ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஒய்காஸ்ட் ஒரு ராஸ்பெரி பையில் ஓடுகிறது. பட்டியலை நானே எழுதினேன்: அப்பா காலையில் கேட்கும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நிலையங்கள், ஒரு நாகஸ்வர ஓடை, எனக்கு இரண்டு ஜாஸ். மொத்தம் பதினொன்று. முதலில் தமிழில்தான் எழுதிப் பார்த்தேன். ரிசீவரின் பச்சை எழுத்துத் திரைக்கு ஆங்கில எழுத்துகளைத் தவிர எதுவும் தெரியாது. தமிழ் வந்த இடத்திலெல்லாம் வெற்றுப் புள்ளிகள். உள்ளே இருக்கும் எழுத்துருவை மாற்ற எந்த யோஹான்சனும் இன்னும் வரவில்லை. அப்பா வரிசையை மனப்பாடம் செய்துவிட்டார். நெட் பட்டன், கீழே மூன்று முறை, ஓகே.