ஈடும் மீட்பும்

வீடு கொள்ளக் கருதுவார் முதற்கண் விலையை வினவுவர். பின்னர் வட்டியை வினவுவர். ஈடு வைத்ததை மீட்கும் வழி யாதென வினவுவார் சிலரே. ஈட்டுக்கடனின் வரலாற்றை நோக்குவார்க்கு அவ்வினாவே தலையாயதென்பது புலனாகும்.

சொத்து உடையவன் கையிலேயே இருக்க, அதனைப் பொறுப்பாகக் காட்டிப் பெறுங் கடன் திருஷ்டிபந்தகம் எனப்படும். கடன் கொடுத்தவன் சொத்தைக் கைக்கொண்டு அதன் பயனை வட்டிக்காக அநுபவிப்பது போக்கியம். குறித்த நாளிற் பணந் திரும்பாவிடின் விற்பனை முற்றுப்பெறும் என்னும் நிபந்தனையோடு எழுதப்படுவது அவதிக் கிரயம். இம்மூன்றனுள் இறுதியதே கொடிது. சென்னை மாகாணத்தினின்று சென்ற ஒரு வழக்கில், பத்திரத்திற் கண்ட நிபந்தனையே செல்லுமென 1870-ஆம் ஆண்டில் பிரிவி கவுன்சிலார் தீர்த்தனர். அதன்படி, தவணை தவறினால் சொத்தும் தவறும்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. தவணை கடந்த பின்னரும் கடனைச் செலுத்தி மீட்கும் உரிமையை அதன் 60-ஆம் பிரிவு நல்கிற்று. எனினும், திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை விற்பனைப் பத்திரத்திலேயே எழுதப்பெறாவிடின் அஃது ஈடாகாதென 1929-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. ஆதலின், நிபந்தனையைத் தனித்தாளில் எழுதித் தருவேன் என்பாரை நம்பிக் கிரயப் பத்திரத்திற் கையொப்பமிடுதல் கேடாம்.

இக்காலத்து வங்கிகள் பெரும்பாலும் மூலப்பத்திரங்களை வாங்கி வைத்துக்கொண்டே வீட்டுக்கடன் அளிக்கின்றன. கடன் வாராக்கடனாயின், 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, நீதிமன்றத் தீர்ப்பின்றியே வீட்டைக் கைக்கொண்டு விற்க 2002-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகிறது. விற்பனை அறிவிப்பு வெளியாகு முன்னரே நிலுவை முழுவதையும் செலுத்தி மீட்டல் வேண்டுமென 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. மீட்புரிமை அழிந்திலது, அதன் காலமே குறுகிற்று.

இனித் தவணையின் கணக்கைக் காண்போம். 10 லட்சம் ரூபாயை 9 விழுக்காட்டு வட்டிக்கு 20 ஆண்டுத் தவணையிற் பெறின் மாதம் 8,997 ரூபாய் செலுத்தல் வேண்டும். முதன்மாதத்தில் அதனுள் 7,500 வட்டிக்கே செல்லும். முடிவிற் செலுத்திய தொகை ஏறக்குறைய 21.6 லட்சமாம். 10 ஆண்டுத் தவணையாயின் மாதம் 12,668, மொத்தம் 15.2 லட்சமே. மாறும் வட்டியிற் கடன் பெற்ற தனிமனிதர் அதனை முன்னரே அடைப்பின் வங்கிகள் அபராதம் கொள்ளலாகாதென ரிசர்வ் வங்கி 2012-இல் ஆணையிட்டது. ஆகவே, கைக்கு வந்த உபரிப்பணத்தை முதலிற் செலுத்துதல் நன்று.

வருவாய் குன்றிய மாதத்திலும் தவணை செலுத்த வல்லார் வீடு கொள்க. அல்லார் அவ்வன்மை எய்துங்காறும் வாடகை வீட்டில் வாழ்தல் இழிவன்று.