கசப்புப் பூ எதைக் காத்தது?



நம் வாலாஜாபாத்தின் பெயர் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவை நினைவூட்டுகிறது. தறி ஓசைக்குப் பழகிய நமக்கு ஒரு செய்தி வியப்பாக இருக்கலாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாலாற்றங்கரையிலுள்ள இவ்வூர் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைமுகாமாக விளங்கியது. அக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து சென்னைக்குக் கப்பலேறி வந்த பொருள்களுள் ஒன்று பியர். அதன் வரலாற்றில் நமக்கொரு பாடம் உண்டு.

பியர் எளிதில் புளித்துக் கெட்டுப்போகும். அதைக் காப்பது ஹாப் என்னும் கொடியின் கசப்புப் பூ. அப்பூவின் பிசின், பானத்தைப் புளிக்கவைக்கும் கிருமிகளைத் தடுக்கிறது. இதைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகள் சில நம் துறவு மடங்களிலிருந்தே கிடைக்கின்றன. பிரான்சின் கோர்பி மடத்துத் தலைவர் அடலார்டு 822இல் வகுத்த ஒழுங்குகளில் ஹாப் இடம்பெறுகிறது. 1179இல் இறந்த புனித ஹில்டெகார்டு, இப்பூ பானத்தைக் கெடாமல் காக்கும் என்று எழுதினார். மனிதருக்கு மனச்சோர்வை மிகுவிக்கும் என்றும் எச்சரித்தார். இவரையே திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2012இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

இலண்டனை அடுத்த போ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் குடும்பத்தாரின் வடிசாலை இருந்தது. அங்கிருந்து பியர் இந்தியாவுக்கு வந்தது. கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, பல மாதங்கள் பயணம் செய்தன. ஆகவே காய்ச்சும்போது ஹாப் சேர்த்ததோடு நில்லாமல், பீப்பாயை மூடுமுன் காய்ந்த பூவை மறுபடியும் அப்படியே உள்ளே இட்டார்கள். காய்ச்சாத பூ மணம் தந்தது, காவலும் தந்தது. இன்றும் வெளிநாடுகளில் வீட்டில் சிறிதளவு பியர் செய்வோர், நொதித்து முடிந்த பானத்தில் சில நாள் இப்படிப் பூவை ஊறவிடுகிறார்கள். நம் மாநிலத்தில் உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம்.

துறைமுகம் இல்லாத சென்னையில் மசூலா படகுகள் அலைகளைத் தாண்டிப் பீப்பாய்களைக் கரை சேர்த்தன. விலை மிகுந்த பியர் அதிகாரிகளின் மேசைக்குப் போனது. சாதாரண ஐரோப்பியச் சிப்பாய்க்குக் கம்பெனியே நாள்தோறும் சாராயம் அளந்து கொடுத்தது. காய்ச்சலும் வெப்பமும் குடியும் சேர்ந்து பலரை இளமையிலேயே கல்லறைக்கு அனுப்பின. பானம் கெடாதிருக்க அத்தனை கவனம்! குடிப்பவன் கெடாதிருக்க?

பின்னர் சட்டம் வந்தது. 1937இல் இராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவியது, 1971இல் தளர்த்தப்பட்டது. சட்டங்கள் வந்தன, போயின. நம் தெருவில் அடுப்பெரியாத வீடுகள் இன்றும் இருக்கின்றன.

கானா ஊர்த் திருமணத்தில் இரசத்தைத் தந்த ஆண்டவரைப் பின்பற்றும் திருச்சபை, பானத்தைப் பாவம் என்று சொல்லவில்லை. ஆனால் அளவு மீறுதலைத் தவிர்ப்பதே நற்பண்பு என்று அதன் மறைக்கல்வி நூல் 2290ஆம் எண்ணில் கற்பிக்கிறது.

கசப்புப் பூவைப் பீப்பாய் புறப்படும் முன்பே இட்டார்கள். கெட்டபின் இட்டுப் பயனில்லை. தன்னொறுத்தலும் அப்படியே. கூலி கைக்கு வரும் மாலையில், நண்பர் அழைக்குமுன்பே, "வேண்டாம்" என்ற கசப்பை உள்ளத்தில் இட்டுவைப்போம். குடியை விட முடியாமல் தவிப்பவரை ஏளனம் செய்யாமல், அதை நோயென்று உணர்ந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அவரது குடும்பத்துக்குத் துணை நிற்போம்.

ஆண்டவரே, எங்கள் இல்லங்களைக் கெடாமல் காத்தருளும். ஆமென்.