வாசிகசாலையிலிருந்து பொதுநூலகத்துக்கு: யாழ்ப்பாணத்து வாசிப்பின் சமூக வரலாறு குறித்துச் சில கருத்துகள்

யாழ்ப்பாணப் பொதுநூலகம் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுட் பெரும்பகுதி, அது எரியூட்டப்பட்ட 1981 ஆம் ஆண்டின் ஓரிரவைப் பற்றியதாகவே உள்ளது. இது இயல்பானதே. ஆயினும் அந்த ஓரிரவின் கொடுமை, அதற்கு முந்திய ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் கால வரலாற்றை மறைத்துவிட்டது. நூலகம் இன்று அரிய ஏடுகளின் கருவூலமாகவும் ஓர் இனத்தின் அறிவுச் சின்னமாகவும் நினைவுகூரப்படுகின்றது. பத்திரிகை வாசிப்பதற்கு நாள்தோறும் மக்கள் வந்த இடமாக, நூலை இரவல் பெற்றுத் திருப்பிக் கொடுத்த இடமாக, சிறுவர் முதன்முதலிற் கதைப்புத்தகம் கண்ட இடமாக அது நினைவுகூரப்படுவது குறைவு. ஒரு நூலகத்தைப் பொதுநூலகமாக்குவது அதன் நூற்றொகையா, அன்றி அந்நூல்கள் எவரைச் சென்றடைந்தன என்பதா? இவ்வினாவை முன்வைத்து யாழ்ப்பாணத்து வாசிப்பின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

ஏட்டுச்சுவடிகள் வழங்கிய காலத்தில் நூல் என்பது ஓர் உடைமைப் பொருளாகும். காணியும் கால்நடையும் போன்று அதுவும் சில குடும்பங்களிடத்தும் மடங்களிடத்தும் ஆசிரியர்களிடத்துமே இருந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பிப்பதற்கு முன்னர் சுவடிகளைத் தேடிப் பலர் வீடுகளை நாடவேண்டியிருந்தமைக்கு, நூல்கள் தனியார் வசமிருந்தமையே காரணமாகும். 

எனினும், எழுத்தறியாதோருக்கு நூல் முற்றிலும் எட்டாதிருந்தது என்று கூறிவிடவும் இயலாது. கோயில்களில் நடைபெற்ற புராணபடனம் ஒரு கூட்டு வாசிப்பு முறையாகும். ஒருவர் கந்தபுராணச் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, கூடியிருந்தோர் கேட்டனர். ஆனால் கோயிலின் உள்வீதிக்குள் எவர் புகலாம், எவர் புகலாகாது என்பதைச் சாதி தீர்மானித்த சமுதாயத்தில், செவிவழி வாசிப்புக்கும் அதுவே எல்லையாயிற்று. நூலைக் கேட்கும் உரிமையும் நிலவுடைமைச் சமூக அமைப்பின் உறவுகளாலேயே வரையறுக்கப்பட்டது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

அச்சு இந்நிலைமையை மாற்றத் தொடங்கியது. அமெரிக்க மிஷனின் 'உதயதாரகை' 1841 இல் வெளிவரலாயிற்று. அதே நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரம் நிறுவிச் சைவ நூல்களையும் பாலபாடங்களையும் வெளியிட்டார். இரு தரப்பினரும் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றபோதிலும், நூலை மலிவாக்கி, வாசிப்போரின் தொகையைப் பெருக்கினர் என்ற வகையில் ஒரே வரலாற்றுப் பணியையே செய்தனர். அதேவேளை, இன்ன நூலை வாசிக்க வேண்டும், இன்னதைத் தவிர்க்க வேண்டும் என்ற பரிந்துரையும் அவர்களுடனேயே தோன்றியது. வாசிப்புக்கு வழிகாட்டல் என்பது நமது சமூகத்தில் தொடக்கத்திலிருந்தே சமயப் போட்டியின் ஓர் ஆயுதமாக இருந்து வந்துள்ளது.

2

பொதுநூலகத்தின் தோற்றத்தை 1930களின் அரசியற் சூழலிலிருந்து பிரித்து நோக்கவியலாது. 1931 இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் முழுச் சுதந்திரத்தை வலியுறுத்திச் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. வாக்குரிமை கிடைத்தோர் அனைவரும் எழுத்தறிவும் உலக அறிவும் பெறவேண்டும் என்ற எண்ணம் படித்த மத்தியதர வகுப்பினரிடையே பரவிய காலம் அது. 1933 இல் க. மு. செல்லப்பா என்பவர் தமது இல்லத்திலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கியதை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும். அடுத்த ஆண்டு, 1934 இல், ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த அறையொன்றில், ஏறத்தாழ ஆயிரம் நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் கொண்டதாக நூலகம் ஆரம்பமாயிற்று.

தனியொருவரது உடைமை, தாமாகவே இன்னொருவர் கைக்குச் செல்லும் பொருளாக மாறுவதே இம்முயற்சியின் சிறப்பு. ஆனால் அதன் வரம்பையும் நாம் காணாதிருத்தல் கூடாது. விரைவில் பிரதான வீதிக்கு இடம்மாறிய இந்நூலகம் சந்தா செலுத்திய அங்கத்தவர்களுக்கானதாக இருந்தது. சந்தா என்பது சிறு தொகையாக இருக்கலாம். ஆயினும் நாட்கூலியில் வாழும் சுருட்டுத் தொழிலாளிக்கும் சம்பளம் பெறும் எழுதுவினைஞருக்கும் அது ஒரே பொருளைக் குறிப்பதன்று. முன்னர் சாதியின் வாயிலில் நின்ற காவலுக்குப் பதிலாக, இங்கே பணத்தின் வாயிலில் ஒரு காவல் நின்றது.

இவ்விடத்து, நகரத்துக்கு வெளியே வளர்ந்த வாசிகசாலைகளையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். கிராமத்துச் சனசமூக நிலையங்களில் ஒரு மேசையும் இரண்டு வாங்குகளும் நாளேடுகளும் இருந்தன. ஒருவர் உரத்து வாசிக்கப் பலர் கேட்ட பழைய புராணபடன முறை, இங்கே செய்தி வாசிப்பாக உருமாறியது. இடதுசாரி இயக்கத்தின் பிரசுரங்கள் கிராமத்து இளைஞர் கைகளை அடைந்த வழிகளுள் இதுவுமொன்று. ஆயினும் இந்நிலையங்களும் பல இடங்களிற் சாதிக் குடியிருப்புகளின் அடிப்படையிலேயே அமைந்தன என்பது மறுக்கவொண்ணாத உண்மையாகும். டொமினிக் ஜீவா போன்ற எழுத்தாளர்கள் பள்ளியிலும் நூலகத்திலும் பெறாத கல்வியைத் தமது முடிதிருத்தகத்திற் பெற்றமையும், 1966 இல் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கியமையும், வாசிப்புக்கான பொதுவிடத்தை ஒடுக்கப்பட்ட மக்கள் தாமே படைத்துக்கொள்ள வேண்டியிருந்தமைக்குச் சான்றாகும்.

3

நூலகத்தின் அடுத்த கட்டம் உள்ளூராட்சியுடன் இணைந்தது. நூலகம் உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பாகும்போது, அது வள்ளன்மையின் விளைவாக இருத்தல் நீங்கி, வரியிறுப்போரின் உரிமையாகின்றது. 1949 இல் யாழ்ப்பாணம் மாநகர சபையாகியபின், நகரின் முதல்வராயிருந்த சாம் சபாபதி, சம்பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளார் முதலியோரின் முயற்சியாற் புதிய கட்டிடத்துக்கான திட்டம் உருவாயிற்று. 1954 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னையிலிருந்து வந்த கட்டிடக் கலைஞர் நரசிம்மன் திராவிடக் கட்டிடக்கலை மரபைத் தழுவி அமைப்பை வரைந்தார். 1959 இல் கட்டிடம் திறந்துவைக்கப்பட்டது.

கட்டிடத்தின் எழில் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். நமது நோக்கில் அதனினும் முக்கியமானது, திட்டத்துக்கு ஆலோசகராக எஸ். ஆர். இரங்கநாதன் அழைக்கப்பட்டமையாகும். 1931 இல் அவர் வெளியிட்ட நூலகவியல் விதிகள் ஐந்தும் நூலைப் பாதுகாப்பதை அன்றி, வாசகரையே மையமாகக் கொண்டவை. நூல் பயன்படுத்தப்படுவதற்கே உரியது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூலும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரும் கிடைத்தல் வேண்டும். வாசகரின் நேரம் வீணாகலாகாது. நூலகம் வளர்ந்து செல்லும் உயிரி. இவை நிருவாக விதிகள் போலத் தோன்றினும், உண்மையில் ஒரு ஜனநாயகக் கோட்பாடாகும். 'ஒவ்வொரு வாசகருக்கும்' என்ற சொல்லாட்சியில் சாதிக்கோ வகுப்புக்கோ இடமில்லை. 1948 இல் சென்னை மாகாணத்தில் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியதன் பின்னணியிலும் அவரது உழைப்பே இருந்தது.

இக்கோட்பாடு யாழ்ப்பாணத்தில் எவ்வாறு நடைமுறையாயிற்று? இரவல் வழங்கும் பகுதி, உசாத்துணைப் பகுதி, பத்திரிகைப் பகுதி என்பன இயங்கின. 1967 இல் சிறுவர் பகுதி ஏற்பட்டது. இவற்றுள் ஒவ்வொன்றும் வெவ்வேறு சமூகப் பிரிவினரை நூலகத்துள் கொணர்ந்தது. நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் வசதி, வீட்டில் நூலில்லாதோருக்கே பெரிதும் பயன்பட்டது. பத்திரிகைப் பகுதி அங்கத்துவத்தைப் பொருட்படுத்தாது வழிப்போக்கரையும் உள்ளிழுக்க வல்லது. உசாத்துணைப் பகுதியின் முக்கியத்துவமோ கல்வி வரலாற்றுடன் தொடர்புடையது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. தொடர்ந்து தாய்மொழி போதனாமொழியாயிற்று. முதல் தலைமுறையாக உயர்கல்வியை நோக்கிய கமக்காரரின் பிள்ளைக்கும் தொழிலாளியின் பிள்ளைக்கும் பாடநூலுக்கு அப்பாற்பட்ட நூல் வேண்டியிருந்தது. ஆங்கில நூல்களை விலைகொடுத்து வாங்கக்கூடிய குடும்பங்களின் பிள்ளைகளுடன் அவர்கள் போட்டியிட்ட இடம் பரீட்சை மண்டபம். அப்போட்டியின் சமனின்மையைச் சற்றேனும் குறைத்த இடம் நூலகம்.

வாசிப்புக்கான பரிந்துரையும் இங்கே புதிய வடிவம் பெறுகின்றது. நாவலர் காலத்தில் அது சமயத் தலைவரின் கட்டளை. நூலகத்தில் அது நூலகரின் சேவை. எந்நூல்களை வாங்குவது, எவற்றைக் கண்ணிற்படும் தட்டில் வைப்பது, சிறுவனிடம் எதை எடுத்துக் கொடுப்பது என்ற அன்றாடத் தீர்மானங்கள் நடுநிலையானவை போலத் தோன்றும். ஆனால் அவை ஒவ்வொன்றிலும் ஒரு கருத்துநிலை தொழிற்படுகின்றது. பழைய இலக்கியமே இலக்கியம் எனக் கருதும் நூற்றெரிவு ஒருவகை வாசகரை உருவாக்கும்; சமகால ஈழத்து நாவலையும் சிறுகதையையும் சேர்க்கும் தெரிவு வேறொருவகை வாசகரை உருவாக்கும். மரபுப் பண்டிதர்களுக்கும் முற்போக்கு எழுத்தாளர்களுக்குமிடையே 1960களில் நிகழ்ந்த இழிசனர் வழக்குப் பற்றிய விவாதம், ஈற்றில் நூலகத் தட்டில் எவருக்கு இடமுண்டு என்ற வினாவுமாகும்.

4

1981 மே 31 ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயல்களின்போது, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கெனக் கொழும்பிலிருந்து அனுப்பப்பட்ட பொலிஸாரும் குண்டர்களும் நூலகத்தை எரித்தனர். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அந்நாட்களில் எரிக்கப்பட்டவற்றுள் 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் அடங்கும். இம்மூன்றையும் ஒருங்குவைத்து நோக்குதல் வேண்டும். அச்சிடும் இடம், விற்கும் இடம், இரவல் கொடுக்கும் இடம் என வாசிப்பின் முழுச் சங்கிலியுமே தாக்கப்பட்டது. பேரினவாதம் ஒரு கட்டிடத்தை மாத்திரமன்றி, மக்கள் தமக்குள் கருத்தைப் பரிமாறும் ஒழுங்கமைப்பையே குறிவைத்தது எனலாம்.

இழப்பைப் பேசும்போது அரிய ஏடுகள் முன்னிலை பெறுகின்றன. யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரேயொரு பிரதி அழிந்தது என்ற கூற்று இன்றும் வழங்குகின்றது. ஆயின் அந்நூல் 19 ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறியது. 1879 இல் பிறிற்றோவின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. அது பிழைத்தமைக்குக் காரணம், பேழையுட் பூட்டப்படாமற் பலர் கைகளுக்குச் சென்றமையே. மீளப் பெறவியலாத ஏடுகள் பல அழிந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அருமை என்ற அளவுகோலால் மட்டும் இழப்பை அளப்போமாயின், எங்கும் கிடைக்கக்கூடிய, ஆனால் அதனை வாங்கவியலாத ஒரு மாணவனுக்கு அங்கு மாத்திரமே கிடைத்த சாதாரண நூலின் இழப்பு கணக்கில் வராது போகும்.

1984 இல் மீளத் திறக்கப்பட்ட பகுதியும் அடுத்த ஆண்டுகளின் போரிற் சிதைந்தது. 1990களின் பிற்பகுதியிலேயே புனரமைப்புத் தொடங்கியது. 2003 பெப்ரவரியில் நடைபெறவிருந்த திறப்புவிழா எதிர்ப்பினால் நிகழாது போயிற்று. அப்போது மாநகர முதல்வராயிருந்த செல்லன் கந்தையன் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். எரிந்த நிலையையே சாட்சியமாக விட்டுவைத்தல் வேண்டும் என்றும், பணிகள் நிறைவுறவில்லை என்றும் காரணங்கள் கூறப்பட்டன. அரசியல் நெருக்குதலும் இருந்தது. சாதியுணர்வும் அங்கே தொழிற்பட்டது என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது; அவ்விவாதம் இன்னும் முடிவுறவில்லை. இனத்தின் பொதுச்சொத்து என நாம் அனைவரும் உரிமை கொண்டாடும் ஒரு நிறுவனத்தின் வாயிலில் நின்று, 'பொது' என்பதனுள் எவர் அடங்குவர் என்று மீண்டும் கேட்கவேண்டியிருந்தது என்பதே இங்குக் கவனத்துக்குரியது.

2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலக முயற்சி, ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் இலவசமாக எவரும் படிக்கத்தக்கதாக்கியுள்ளது. நெருப்புக்கு எட்டாத நூலகம் என இதனைப் போற்றுதல் தகும். ஆனால் கருவியும் இணைப்பும் விலைகொடுத்தே பெறப்படுகின்றன. சந்தாவின் வாயில் வேறு வடிவில் நிற்கின்றது.

ஏட்டின் காலத்திற் சாதியும், சந்தாவின் காலத்திற் பணமும், 1981 இல் அரச வன்முறையும் மக்களுக்கும் நூலுக்கும் இடையே நின்றன. இவற்றுள் முதலிரண்டும் நம்மவரிடமிருந்தே தோன்றியவை. வெளியிலிருந்து வந்த நெருப்பை நினைவுகூரும் நாம் உள்ளிருந்த வாயில்களை மறப்போமாயின், நமது நினைவு அரைகுறையானதாகவே இருக்கும். எரிந்த நூல்களின் பட்டியலைத் தேடும் ஆய்வாளர், அங்கு நூல் இரவல் பெற்றவர் எவர், எந்தத் தெருக்களிலிருந்து வந்தனர், எவர் ஒருபோதும் வரவில்லை என்பனவற்றையும் தேடுதல் வேண்டும். இன்றைய பிரதேச நூலகங்களின் இரவற் பதிவேடுகளும், முதிய வாசகர்களின் வாய்மொழியும் இதற்கு மூலங்களாகலாம். வாசகரின் வரலாறு எழுதப்படும்போதே பொதுநூலகத்தின் வரலாறு முழுமை பெறும்.