ஊசி போடாத உடம்பில்

"நான் ஊசியே போட்டுக்கிட்டதில்லம்மா" என்று என்னிடம் சொன்னபோது அந்த நோயாளி அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது நான் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் டெக்னீஷியன். அவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது. ஆனாலும் விடியற்காலையில் வேர்த்து, கை நடுங்கி, சுகர் 40-க்கு இறங்கிய நிலையில் கொண்டுவந்திருந்தார்கள். ரத்தத்தில் இன்சுலின் எக்கச்சக்கம். சாம்பிளை மீண்டும் மீண்டும் நீர்க்கச் செய்து பார்த்தேன். இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடியும் இருந்தது. யாருக்கும் தெரியாமல் இன்சுலின் போட்டுக்கொள்கிறார் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். நானும் அதை நம்பினேன்.

அந்தச் சந்தேகத்தின் வேர் 1950களில் இருக்கிறது. நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும், இன்சுலின் ஊசி போட்டவர்களின் ரத்தத்தில் அதைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியைக் கண்டார்கள். இவ்வளவு சிறிய புரதத்துக்கு உடம்பு ஆன்டிபாடி செய்யுமா என்று ஆய்விதழ்கள் தயங்கின; 1956-ல் கட்டுரை வெளிவந்தபோது தலைப்பில் அந்தச் சொல்லே இல்லை. பிறகு அதே ஆன்டிபாடியைக் கருவியாக்கி, ரத்தத்தில் இன்சுலினை அளக்கும் ரேடியோ இம்யூனோ அசே முறையை உருவாக்கினார்கள். 1977-ல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு முன்பே, 1972-ல் மறைந்துவிட்டார். ஆன்டிபாடி இருந்தால் ஊசி போட்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்களைப் போன்றவர்கள் மனத்தில் ஊறிப்போனது இப்படித்தான்.

1970-ல் ஜப்பானிய மருத்துவர் யுகிமாசா ஹிராட்டா அதற்கு மாறான ஒன்றை எழுதினார். இன்சுலின் ஊசியே போடாதவரின் ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தது. சுகரும் தானாக இறங்கியது. சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலினை ஆன்டிபாடி பிடித்துவைத்துக்கொள்கிறது. சில மணி நேரம் கழித்து, தேவையில்லாத வேளையில், அதை விடுவிக்கிறது. அப்போது சுகர் சரிகிறது. இந்நோய்க்கு ஹிராட்டா நோய் என்று பெயர்.

அடுத்தடுத்து வந்த நோயாளிகளில் பலர் தைராய்டு மிகைச்சுரப்புக்கு மெத்திமசோல் சாப்பிட்டவர்கள். கேப்டோபிரில், பெனிசிலமைன் போன்ற மருந்துகளும் பட்டியலில் சேர்ந்தன. இவற்றில் பொதுவாக இருப்பது கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சிறு தொகுதி. இன்சுலினின் இரண்டு சங்கிலிகளைப் பிணைப்பதும் கந்தகப் பாலங்கள்தான். மருந்து அந்தப் பாலத்தைத் தளர்த்த, உடம்பு தன் இன்சுலினையே அந்நியமாகப் பார்க்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எல்லோருக்கும் இது வருவதில்லை. 1990களில் யாசுகோ உச்சிகாட்டாவும் ஹிராட்டாவும் ஜப்பானிய நோயாளிகளிடம் டிஆர்பி1*04:06 என்ற மரபணு வகை மிகுந்திருப்பதைக் காட்டினார்கள். பின்னாளில் ஆல்ஃபா லிபோயிக் அமிலம் கலந்த சத்து மாத்திரைகளும் சிக்கின. நம் ஊரில் கால் எரிச்சலுக்கு எழுதித் தரும் மாத்திரைகளில் இருப்பதும் அதுதான்.

அந்த அம்மாவைக் காப்பாற்றியது, கணையம் இன்சுலினோடு சேர்த்துச் சுரக்கும் சி-பெப்டைடை அளக்கும் டெஸ்ட். வெளியிலிருந்து இன்சுலின் போட்டால் அது தாழ்ந்திருக்க வேண்டும், அவருக்கோ உயர்ந்திருந்தது. இன்சுலின் சுரக்கும் கட்டி எதுவும் கணையத்தில் இல்லை. கடைசியில் ஒரு மருத்துவர் அவருடைய மாத்திரைப் பையை வாங்கிக் கொட்டினார். உள்ளே கார்பிமசோல் இருந்தது. உடம்புக்குள் போனதும் அது மெத்திமசோலாக மாறிவிடும். மருத்துவர் அதை நிறுத்தி வேறு வழி பார்த்தார். சில மாதங்களில் சுகர் இறங்குவது நின்றது.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாளே எங்கள் சாம்பிள் படிவத்தில் கையால் ஒரு கட்டம் வரைந்தேன்: 'சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், சத்து மாத்திரை உட்பட.' மாத்திரையை யாரும் தாமாக நிறுத்த வேண்டாம். பையோடு கொண்டுவந்து காட்டினால் போதும். நோயாளியைச் சந்தேகிக்கும் முன் அந்தப் பையைப் பிரித்துப் பார்க்க வேண்டியது எங்கள் கடமை.