பாத்திரத்தின் குணம் யார் கையில்? – அண்ணன்மார் கதையை முன்வைத்து

கதைமாந்தரின் குணத்தை வகுப்பவர் யார்? ஆக்கியோனா, அப்பாத்திரத்தை ஏற்பவனா, கேட்டுப் பழகிய மக்களா? ஏட்டில் நிலைபெற்ற காப்பியத்தில் இவ்வினாவிற்கு இடம் குறைவு. கோவலன் இளங்கோவடிகள் படைத்தவாறே நிற்கிறான். நிகழ்த்திக் காட்டப்படும் கதையிலோ ஒவ்வோர் இரவும் இவ்வினா புதிதாய் எழுகிறது. நம் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

குன்றுடையாக் கவுண்டருக்கும் தாமரை நாச்சியாருக்கும் பிறந்தவர்கள் பொன்னர், சங்கர், தங்காள் ஆகிய மூவர். மூத்தவர் பொறுமையின் வடிவம். இளையவர் சினத்தின் வடிவம். அண்ணன்மார் இருவருக்கும் விதிக்கப்பட்ட ஆயுள் 16 ஆண்டு. இக்குணங்களையும் இவ்விதியையும் எந்த உடுக்கைப் பாடகரும் மாற்றிப் பாட இயலாது. பாடினால், விடிய விடிய அமர்ந்து கேட்போரே மறுத்துரைப்பர்.

அவ்வாறாயின் பாடகருக்குரிய உரிமை எது? சங்கர் தம் வாளில் வீழ்ந்து இறந்த பின்னர், பொன்னரும் தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் கட்டத்தை நோக்குவோம். பொறுமையே உருவானவர் இச்செயலைச் செய்வானேன்? பாசமா, கடமையா, அதுவரை அடக்கிய சினமா? விதி முடிவைக் கூறுகிறதே அன்றி, உள்ளத்தைக் கூறவில்லை. அவ்வுள்ளத்தை ஒப்பாரியாய் நீட்டுவதும் ஒற்றை அடியில் முடிப்பதும் பாடகரின் உரிமை. குணம் மாறாமலே மனிதர் புதியவர் ஆகிறார்.

காங்கேயம் பகுதியின் ஓலப்பாளையத்தில் களப்பணி செய்த கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1965இல் இக்கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதே பாடகர் பாடிய வடிவத்தையும் எழுதச் சொல்லிய வடிவத்தையும் ஒப்புநோக்கி, 1982இல் நூலாக வெளியிட்டார். பாடுவதும் எழுதச் சொல்வதும் ஒன்றாகா என்பதை அவ்வொப்பீடு உணர்த்துகிறது.

இவ்வுரிமை முற்றும் அற்றுப்போகும் இடமும் உண்டு. அதுவே படுகளம். வீரர்கள் மாளும் கட்டத்தில் அருள் வந்தோர் உணர்விழந்து சாய்வர். பின்னர்த் தீர்த்தம் தெளித்து எழுப்பப்படுவர். அங்கே ஆள் பாத்திரத்தை ஏற்பதில்லை. பாத்திரமே ஆளை ஏற்கிறது.

மேலை நாட்டார் விளையாட்டிலும் இச்சிக்கலைக் கண்டனர். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பேசியே கதை வளர்க்கும் ஆட்டம். அதில் தன் பாத்திரம் எவ்வாறு நடக்கும் என்பதை ஆடுபவரே முடிவு செய்வார். ஆர்தர் மன்னன் கதையை ஒட்டி கிரெக் ஸ்டாஃபோர்ட் 1985இல் அமைத்த 'பெண்டிராகன்' ஆட்டமோ இரக்கம்–கொடுமை, வீரம்–கோழைமை என 13 இணைக் குணங்களை வகுத்தது. ஓர் இணையின் கூட்டுத்தொகை 20. நெருக்கடியில் பகடை உருட்டப்படும். இரங்க விரும்பினும் கொடுமை வென்றால் அதற்கேற்பவே ஆடுதல் வேண்டும். குணம் ஆடுபவரின் விருப்பத்தை மீறும் என்பதைப் பகடையால் உணர்த்தினார் அவர். நம் பாடகருக்குப் பகடை தேவைப்படவில்லை. ஊரின் நினைவே அவ்வேலையைச் செய்தது. எனினும் வேறுபாடு ஒன்றுண்டு. பகடை செயலை விதிக்கிறது. ஊரின் நினைவோ செயலை விதித்து, அதன் காரணத்தைப் பாடகருக்கு விட்டுவைக்கிறது. கலை பிறப்பது அவ்விடைவெளியில்தான்.

இன்று அவ்விடைவெளி குறுகி வருகிறது. கவிஞர் சக்திக்கனல் 1971இல் பதிப்பித்த நூல் இக்கதையை அழியாது காத்தது. 2011இல் திரைப்படமும் வந்தது. இவை நன்மையே. ஆயினும் அச்சில் ஏறியதும் திரையில் கண்டதுமே சரியான வடிவம், ஏனையவை பிழை எனக் கருதத் தொடங்கினால், பொன்னரின் கடைசி மௌனத்திற்கு ஒரே பொருள்தான் எஞ்சும்.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின் கவிஞர்கள், கருமத்தம்பட்டியைச் சூழ்ந்த ஊர்களில் உடுக்கையொலி கேட்கும் இரவுகளில் சென்று அமர வேண்டும். ஒரே கட்டத்தை இரு பாடகர் பாடக் கேட்டு, இரண்டையும் எழுதிவைக்க வேண்டும். எது சரி என்று தீர்ப்பளிக்க வேண்டுவதில்லை. இரண்டும் பொன்னரே.