தொலேதோவில் ஓர் அக்டோபர் நாள்

மத்ரீதிலிருந்து தொலேதோவுக்கு ரயிலில் அரை மணி நேரம்தான். அலுவலக வேலையாக ஸ்பெயின் போயிருந்தேன். ஜெர்மனியில் இலையுதிர்காலப் பள்ளி விடுமுறை என்பதால் மகளும் கூட வந்திருந்தாள். சனிக்கிழமை முழுவதும் எங்களுடையது.

தாஹோ ஆறு மூன்று பக்கமும் சுற்றி ஓட, பாறைக் குன்றின் மேல் நிற்கிறது நகரம். அல்காந்தரா பாலத்தைக் கடந்து ஏறினால் குறுகலான சந்துகள். 1085இல் மன்னர் ஆறாம் அல்போன்சோ இந்நகரை முஸ்லிம் ஆட்சியாளரிடமிருந்து கைப்பற்றினார். ஆனால் அரபு மொழி உடனே மறைந்துவிடவில்லை. அடுத்த நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த ஜெரார்டு என்ற அறிஞர், அல்-குவாரிஸ்மியின் இயற்கணித நூலை அரபியிலிருந்து லத்தீனுக்கு இங்கே மொழிபெயர்த்தார். என் தொழிலுக்குச் சோறு போடும் ‘அல்காரிதம்’ என்ற சொல் அந்த அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்ததுதான்.

மதியத்துக்குள் பழைய யூதர் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். கல் பாவிய தரையில் ஹீப்ரு எழுத்துகள் பொறித்த சிறு ஓடுகளைத் தேடிக்கொண்டே மகள் முன்னால் நடந்தாள். மன்னர் பேத்ரோவின் கருவூலத் தலைவராக இருந்த சாமுவேல் ஹ-லேவி, 1350களில் கட்டிய தொழுகைக்கூடம் இன்று அருங்காட்சியகம். சுவரில் ஹீப்ரு வரிகள், பூவேலைக்கு நடுவே அரபு எழுத்துகள், காஸ்தீயாவின் அரச சின்னம். மூன்றும் ஒரே சுவரில். கட்டியவரோ, சில ஆண்டுகளில் அதே மன்னரின் சிறையில் சித்திரவதையால் இறந்தார்.

சற்றுத் தள்ளி இன்னொரு தொழுகைக்கூடம். வெள்ளைத் தூண்களும் குதிரைலாட வளைவுகளும். அது தேவாலயமாக மாற்றப்பட்டபோது வைத்த சாந்தா மரியா லா பிளாங்கா என்ற பெயரே இன்றும் நிற்கிறது. 1391இல் ஸ்பெயின் நகரங்களில் யூதர்கள் கொல்லப்பட்டபோது, உயிர் பிழைக்கப் பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1492இல் யூதர்கள் நாட்டைவிட்டே விரட்டப்பட்டதை எல்லோரும் சொல்வார்கள். அதைவிட என்னை உறுத்துவது இடையிலுள்ள 1449.

அந்த ஆண்டு அமைச்சர் ஆல்வரோ தெ லூனா இந்நகரிடம் பத்து லட்சம் மரவேதி நாணயம் கேட்டார். வசூலில் முன்னின்ற வணிகர் மதம் மாறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். கூட்டம் அவர் வீட்டைக் கொளுத்தியது. ஜூன் மாதம், கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய பேரோ சார்மியெந்தோவும் அவர் ஆட்களும் ஒரு சட்டம் போட்டார்கள்: யூத வம்சாவளியில் வந்த கிறிஸ்தவர் எவரும் நகரில் பதவி வகிக்கக் கூடாது. போப் ஐந்தாம் நிக்கோலஸ் அதே ஆண்டு அதைக் கண்டித்தார். ஆனாலும் ‘ரத்தத் தூய்மை’ என்ற எண்ணம் சாகவில்லை. 1547இல் இந்நகரின் பேராலயமே அப்படியொரு விதியை ஏற்றது.

“தாத்தா காலத்துலயே மாறிட்டாங்களேப்பா, அதுக்கு மேல என்னதான் வேணுமாம்?” என்றாள் மகள்.

பிறந்ததிலிருந்து ஜெர்மன் பேசுகிறவள் அவள். “சரி, உண்மையில் நீ எந்த ஊர்?” என்று வகுப்பில் கேட்கப்படும் அவளுக்கு என்னிடம் பதில் இல்லை.

2015இல் ஸ்பெயின் ஒரு சட்டம் இயற்றியது. விரட்டப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் குடியுரிமை கேட்கலாம். விண்ணப்பிக்க 2019 அக்டோபர் வரை அவகாசம். வம்சாவளிக்குச் சான்று காட்ட வேண்டும். நல்ல நோக்கம்தான். ஆனால் 1449இல் கதவைச் சாத்தக் கேட்ட கேள்வியையே கதவைத் திறக்கவும் கேட்க வேண்டியிருந்தது: உன் முன்னோர் யார்?

வெயில் சாயும்போது, இந்நகரின் புகழ்பெற்ற பாதாம் மிட்டாயை வாங்கிக்கொண்டு பாலத்துக்கு இறங்கினோம். பதினோரு ஓடுகள் கண்டுபிடித்ததாக மகள் கணக்குச் சொன்னாள். ஒன்றை மிதித்துவிட்டாளாம், அதையும் சேர்த்துத்தான் எண்ணினாளாம்.