கோடையிலிருந்து சோழபுரத்துக்கு

கொடைக்கானலிலுள்ள கோடைப் பண்பலை வானொலியின் அலை 100.5 மெகாஹெர்ட்ஸில் கிளம்புகிறது. விநாடிக்குப் பத்துக் கோடியே ஐந்து லட்சம் துடிப்பு. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அதற்குத் தொலைதூரப் பார்வை உண்டு. தெற்கே வருசநாட்டு மலைகளைத் தாண்டி, ராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்துக்கு வந்துசேர ஒரு மில்லி விநாடிகூட ஆவதில்லை. வந்து சேரும்போது மிஞ்சியிருப்பது மைக்ரோவோல்ட் கணக்கிலான வலு மட்டுமே.

அங்குள்ள ஒரு டீக்கடை ரேடியோவின் ஆன்டெனாவில் இறங்கியதும் அதன் உருவம் மாறுகிறது. இத்தனை வேகத்தில் துடிக்கும் அலையை அப்படியே வடிகட்டி வலுவாக்குவது கடினம். அதனால் பெட்டி தனக்குள்ளேயே 111.2 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையை உண்டாக்கி, மிக்ஸரில் இரண்டையும் ஒன்றோடொன்று பெருக்குகிறது. கிடைப்பவை கூட்டலும் கழித்தலும்: 211.7, 10.7. முன்னதை வடிகட்டி ஒதுக்கிவிடுகிறது. பின்னதோடு பயணம் தொடர்கிறது. எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918-இல் பாரிஸில் கண்ட வழி இது.

கழித்தலை ஒழுங்காகச் செய்து பாருங்கள். 100.5-லிருந்து 111.2 போனால் மைனஸ் 10.7. இந்த மைனஸைப் பாடநூல் கணக்கின் மிச்சம் என்று பலரும் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. விமானங்கள் பேசும் பட்டையிலுள்ள 121.9-லிருந்து 111.2 போனால் பிளஸ் 10.7. ஒற்றை மிக்ஸருக்கு இந்த இரண்டும் ஒன்றுதான். விமானப் பேச்சு பாட்டின் மேல் வந்து விழலாம். இந்த 121.9-க்கு நிழல் அலைவரிசை என்று பெயர் வைக்கலாம்.

ராஜபாளையத்து நூற்பாலையில் சுழலும் கதிரில் ஒரு புள்ளி வைத்து, அதைப் பக்கவாட்டிலிருந்து மட்டும் பார்த்தால், அது போவதும் வருவதுமாகவே நிழலில் தெரியும். வலமாகச் சுற்றுகிறதா, இடமாகவா என்று சொல்ல முடியாது. செங்கோணத்தில் இன்னொரு நிழலையும் சேர்த்துப் பார்த்தால் திசை பிடிபட்டுவிடும். மைனஸ் குறி காட்டும் எதிர் அலைவெண் என்பது அந்தத் திசைதான். நிஜமான திசை.

பழைய பெட்டி திசையைப் பார்ப்பதில்லை. மிக்ஸருக்கு முன்னால் உள்ள சுருளும் மின்தேக்கியும் 121.9-ஐ முடிந்தவரை மட்டுப்படுத்துகின்றன. கைபேசிகளில் உள்ள எஃப்.எம். சில்லுகள் பல, இரண்டு மிக்ஸர்களை 90 பாகை இடைவெளியில் ஓட்டி, மைனஸையும் பிளஸையும் பிரித்துவிடுகின்றன.

டீக்கடைப் பெட்டியில் 10.7 ஆகிவிட்ட அலைக்கு ஒரு தழும்பு மிஞ்சுகிறது. கழித்ததில் அது தலைகீழாகிவிட்டது: பாட்டின் அழுத்தத்துக்கேற்பக் கோடையில் அலைவெண் ஏறிய இடத்தில் இங்கே இறங்குகிறது. ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சாக இருந்தால் ஒரு சொல்லும் விளங்காது. பண்பலையில் ஒலிபெருக்கியின் தாள் வெளியே தள்ள வேண்டிய நேரத்தில் உள்ளே இழுக்கும், அவ்வளவே. பாட்டைக் கேட்பவர் காதுக்கு வித்தியாசம் தெரியாது.